மெட்டு மட்டும் எட்டும் காது

ஐப்பசி 21. காலை ஒன்பதே காலுக்கு என் மனைவி இறந்தாள். மாலை நான்கு மணிக்குத் தகனம்.

கார்த்திகை 9. மகன் ரிக் வண்டியோடு ராய்ப்பூருக்குத் திரும்பினான். வீட்டில் நான், மருமகள், மூன்றேகால் வயதுப் பேத்தி.

மார்கழி 4. குறிப்பேடு தொடங்கப்பட்டது. மருமகள் சமையற்கட்டிலிருந்து பாடியதும் பேத்தி கூடத்திலிருந்த சொம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

தை 11. அதே சொற்கள், வேறு மெட்டு. பேத்தி சொம்பைத் தொடவில்லை. கை தட்டினாள்.

மாசி 13. மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை தெருவில் தறிகள் ஓடவில்லை.

மாசி 24. மருமகளிடம் சொன்னேன்.

மாசி 28. சேலத்தில் செவிப் பரிசோதனை. இரண்டு காதுகளிலும் குறை.

சித்திரை 3. காதுக்கருவிகள் பொருத்தப்பட்டன. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார்கள்.

ஆடி 10. இதை எழுதுகிறேன். மறுபரிசோதனை நடக்கவில்லை.

மேலே உள்ளவை என் குறிப்பேட்டிலிருந்தும் நாள்காட்டியிலிருந்தும் எடுத்தவை. இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கும்போது மார்கழி நான்குக்கும் மாசி இருபத்து நான்குக்கும் இடையே கிடக்கும் ஏறக்குறைய எண்பது நாட்கள்தான் என் கண்ணில் படுகின்றன. ஒரு குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பதற்கான சான்றுகளை அந்த எண்பது நாட்களும் என் கையாலேயே, நல்ல கையெழுத்தில், எழுதி வைத்திருக்கிறேன். எழுதியவனுக்கு அவை என்னவென்று விளங்கவில்லை.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் ஒலியியல் கற்பித்தவன். பேச்சொலி தொண்டையில் பிறந்து கேட்பவரின் காதில் சென்று சேர்வது வரையிலான பாதைதான் என் பாடம். ஓய்வு பெற்றபின் திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவே இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தெருவின் இருபுறமும் விசைத்தறிக் கூடங்கள். எதிர்வீட்டில் என் தங்கையும் அவள் கணவரும் பன்னிரண்டு தறி ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஓடும்.

இந்தத் தெருவில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. பேச வேண்டுமானால் முகத்துக்கு நேரே வந்து, வாயை அகலத் திறந்து, கையையும் சேர்த்துப் பேச வேண்டும். தறிக்கூடத்தில் ஊடைநூல் சுற்றிய தார் தீர்ந்தால் இரண்டு விரல். சாப்பிடப் போவதென்றால் வயிற்றில் ஒரு தட்டு. பின்னாலிருந்து கூப்பிட்டு ஒருவர் திரும்பாவிட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. போய்த் தோளைத் தொடுவார்கள். காது கேளாத ஒருவர் எங்கள் தெருவில் பத்து வருடம் குடியிருந்தாலும் அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியவராது என்று வெளியூர் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். என் பேத்தி இந்தத் தெருவில்தான் தவழ்ந்தாள், நடந்தாள்.

மகன் படித்தது வேறு, போனது ரிக் தொழிலுக்கு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு மிசோரத்தின் அய்ஸால் வரை போனவன், வேலை எடுத்த ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் இருந்த பெண்ணை அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டான். மருமகளின் தாய்மொழி மிசோ. அது தொனிமொழி. ஒரே எழுத்துகளால் ஆன சொல்லை உயரச் சொன்னால் ஒரு பொருள். தாழச் சொன்னால், ஏற்றிச் சொன்னால், இறக்கிச் சொன்னால் வேறு வேறு பொருள்கள். எடுத்துக்காட்டுகளை இங்கே எழுதப்போவதில்லை. நம் எழுத்தில் எழுதினால் தொனி உதிர்ந்துவிடும். மிஞ்சுவது அந்தச் சொல்லாக இருக்காது.

தமிழில் 'வா' என்பதை எந்தச் சுரத்தில் பாடினாலும் அது வா தான். அவர்கள் மொழியில் சொல்லுக்கென்று ஓர் உயரம் இருக்கிறது, மெட்டும் அதே தொண்டையில் தன் உயரத்தைக் கேட்கிறது. சொல் இறங்கச் சொல்லும். மெட்டு ஏறச் சொல்லும். தொண்டை ஒரு நேரத்தில் ஓர் உயரத்தில்தான் ஒலிக்க முடியும் என்பதால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். சில பாட்டுக்காரர்கள் சொல்லின் போக்கிலேயே மெட்டை அமைத்துவிடுவார்கள். சிலர் மெட்டை விடாமல், சுரத்தின் ஓரத்தில் ஒரு சிறு வழுக்கலைச் சேர்த்துச் சொல்லுக்கும் மரியாதை செய்வார்கள். வெளியிலிருந்து வந்த மெட்டுக்குச் சொல் நிரப்பும்போது பெரும்பாலும் மெட்டு வென்றுவிடும். இதையெல்லாம் நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், புத்தகத்தைப் பார்த்து. பாடுகிறவர் ஒருவர் என் வீட்டுச் சமையற்கட்டில் நின்று வெங்காயம் உரித்தது என் மனைவி இறந்த பிறகுதான் என் கவனத்துக்கு வந்தது. அதற்கு முன் அந்தக் கட்டு அவர்கள் இருவருக்கும் உரியதாக இருந்தது.

மருமகள் குழந்தையிடம் பேசுவதைவிடப் பாடுவதே அதிகம். வேலை செய்துகொண்டே, அப்போதைக்கு இட்டுக்கட்டிய இரண்டு வரி. சொம்பைக் கொண்டு வா, செருப்பை வெளியே விடு, சாப்பிட உட்கார், அவ்வளவுதான். குழந்தை அந்தந்த வேலையைச் செய்யும். மார்கழி நான்காம் நாள் அதை முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டேன். மெட்டு, சொற்களின் தொனியை அணுவும் பிசகாமல் தொடர்ந்து போயிற்று. மனைவி இறந்து நாற்பத்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். புதுக் குறிப்பேடு ஒன்று வாங்கினேன்.

"உங்க பாட்டுல சொல்லு ஆணி அடிச்ச மாதிரிங்க, மாமா" என்றாள் மருமகள், நான் முதல் முறை விசாரித்தபோது. அவள் தமிழ் எங்கள் தெருவில் கற்றது. "எப்படி இழுத்தாலும் அங்கயே இருக்கும். எங்க பாட்டுல சொல்லு சோப்புத் தண்ணில போட்ட மாதிரிங்க. புடிக்கறதுக்குள்ள வேற ஒண்ணாயிடும்."

"அப்புறம் எப்படிம்மா உங்க ஊர் சர்ச்சுல பாடறீங்க? அதெல்லாம் வெளிநாட்டு மெட்டுத்தானே?"

"எல்லாருக்கும் மனப்பாடங்க. தெரிஞ்ச பாட்டுக்கு யாருங்க அர்த்தம் கேக்கறாங்க?"

அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றைய பக்கத்தில் அதை அப்படியே எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.

அதன்பின் நாள்தோறும் ஏதாவது ஒன்று கேட்பேன். அவள் மறுத்ததே இல்லை. சொம்பு கொண்டுவரச் சொல்லும் வரியைத் தேவாலயப் பாட்டின் மெட்டில் போட்டுப் பாடச் சொன்னேன், பாடினாள். குழந்தை எழுந்திருக்கவில்லை, தாளத்துக்குக் கை தட்டிற்று. இரண்டு வரியில் முதல் வரியின் தொனி மெட்டோடு பொருந்தி, இரண்டாவது பொருந்தாதபடி அமைத்துத் தரச் சொன்னேன். குழந்தை முதல் வரிக்குக் கிளம்பி, இரண்டாவது வரியில் வழியிலேயே நின்றது. வயதானவர்கள் சூழலை வைத்தும் நினைவை வைத்தும் ஈடுகட்டிவிடுவார்கள். குழந்தைக்கு அந்த வசதி இல்லை. அதனால் தொனியும் மெட்டும் மோதுவதன் உண்மையான விளைவு குழந்தையிடம் துலக்கமாகத் தெரிகிறது. இப்படி எழுதியிருக்கிறேன். அழகான வாக்கியம். அதில் பிழை எதுவும் இல்லை, ஒரு குழந்தைக்குச் சொல்லைக் கேட்க மெய்யொலிகளும் இருக்கின்றன என்பதை மறந்ததைத் தவிர.

ஒரு பிற்பகல் தங்கை வந்தாள். கையில் தறிநூல் தூசு.

"ஏனுங்கண்ணா, ஊட்டுல கச்சேரி நடக்குதாட்ட இருக்குது. சொம்பு கொண்டாறதுக்கு ஒரு பாட்டு, செருப்ப உடறதுக்கு ஒரு பாட்டு. பாடித்தான் வேல வாங்கோணும்னா எங்கூட்டுக்காரரு பட்டினிதான். எனக்குக் கட்டக் கொரலு."

"நீங்க பாடுனா பயந்துட்டே சாப்பிட்டுருவாருங்க, அத்தை" என்றாள் மருமகள்.

"பாத்தீங்களா வாய. வந்தப்ப 'தண்ணி'ன்னு சொல்லத் தெரியாது இதுக்கு." தங்கை குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து, முகத்தை இரு கைகளிலும் ஏந்தி, "என்ன சாமி, பாட்டிக்கு ஒண்ணு சொல்லு" என்று கத்தினாள். குழந்தை மெய்யொலி எதுவுமில்லாமல் ஒரு ராகம் போல முனகிற்று.

"புள்ள இன்னும் ஒரு வார்த்த திருத்தமாப் பேசலீங்கண்ணா. மொனகீட்டே இருக்குது. அண்ணி போனதுல இருந்து அதும் கொறஞ்சு போச்சு."

"அது முனகல் இல்லை. அவங்க மொழியில குழந்தைக்கு மொதல்ல தொனிதான் வரும். மத்த ஒலியெல்லாம் அப்புறம் வரும்."

"எப்பங்க வரும்? கண்ணாலத்துக்கு முன்னால வந்துருமா?"

நான் சிரித்தேன். மருமகள் சிரிக்கவில்லை. அதையும் பார்த்தேன்; குறிப்பேட்டில் அது இல்லை.

தொனிமொழிகளில் குழந்தைகள் தொனியைச் சீக்கிரமே பிடித்துவிடுகின்றன என்பது எங்கள் துறையில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்தது. அந்த அறிவு இல்லாத ஒருவர் என் இடத்தில் இருந்திருந்தால், மூன்றரை வயதை நெருங்கும் குழந்தைக்கு ஏன் இன்னும் ஒரு சகரமோ தகரமோ வரவில்லை என்று கேட்டிருப்பார். தங்கை கேட்டாள். நான் பதில் வைத்திருந்தேன். தமிழ் ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் வைத்திருந்தேன்: அதனோடு ஓயாமல் தமிழ் பேசியவள் போய்விட்டாள், குழந்தை அந்த மொழியின் மேல் துக்கம் கொண்டிருக்கிறது. இந்த விளக்கத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது தேவையாக இருந்தது.

என் மனைவி குழந்தையோடு பேசும் விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தரையில் எதிரெதிரே உட்கார்ந்து, மோவாயை விரலால் தாங்கி, குழந்தையின் கண் தன் வாயில் பதியும்வரை காத்திருந்து, பிறகே பேசுவாள். அன்பு என்று நினைத்தேன். அன்புதான். அந்த விரல் குழந்தைக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது எனக்குத் தெரியவில்லை.

மார்கழி மின்தடையின்போது அவள் இறப்புச் சான்றிதழுக்காக அலுவலகத்தில் காத்திருந்தேன். தை மாதத்தில் மின்தடையை ஒத்திப்போட்டார்கள். பொங்கலுக்குத் தறிகள் நின்றபோது தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஆகவே குறிப்பேடு தொடங்கிய பிறகு மாசி பதின்மூன்றாம் நாள்தான் நான் அந்த வீட்டில் குழந்தையோடு அமைதியான ஒரு காலைப் பொழுதில் இருந்தேன். ஒன்பது மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. எங்கோ ஒரு குழாய் சொட்டுவது கேட்டது. பத்து மணி வாக்கில் நாற்காலியில் அமர்ந்து, செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துத் தலைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை காலடியில் விளையாடிக்கொண்டிருந்தது.

"அந்தக் கண்ணாடியைக் கொண்டா, சாமி" என்றேன், தாளை இறக்காமல்.

விளையாட்டுச் சத்தம் நின்றது. என் குரல் எட்டியிருக்கிறது. கண்ணாடி வரவில்லை. மறுபடி சொன்னேன். குழந்தை எழுந்து வந்து, செய்தித்தாளின் மேல்விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தது. என் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது.

மூன்றாம் முறை சொன்னேன். உடனே போய் மேசையிலிருந்து கண்ணாடியை எடுத்து வந்து கொடுத்தது.

தறி ஓடியிருந்தால் எனக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

அந்த நேரம் சமையற்கட்டிலிருந்து மருமகள் இரண்டு வரி பாடினாள். நடுவே சுவர். அவள் முகம் தெரியாது. குழந்தை திரும்பி, சொம்பை எடுத்துக்கொண்டு ஓடிற்று. நான் பின்னாலேயே போனேன். "சொல்லே இல்லாம, வாயை மூடிக்கிட்டு, அதே மெட்டை மட்டும் முனக முடியுமாம்மா? செருப்பு பாட்டு" என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முனகினாள். குழந்தை போய்ச் செருப்புகளை எடுத்து வாசலில் வைத்தது. அடுத்து, அதே சொற்களைத் தேவாலய மெட்டில், சுவரைப் பார்த்தபடியே, தெளிவாக உச்சரித்துப் பாடச் சொன்னேன். குழந்தை கை தட்டிற்று.

சொல் தேவைப்படவில்லை. எழுபது நாட்களாக நான் பதிவு செய்துகொண்டிருந்தது தொனியும் மெட்டும் மோதும் கதையை அல்ல. கீழ் அலைவரிசையில் குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் சேர்கிற ஒரு காதை. மேலே இருப்பது எதுவும், பேச்சைப் பேச்சாக்கும் அந்தச் சன்னமான உரசல்களும் வெடிப்புகளும், அங்கே போய்ச் சேரவில்லை. தாய்மொழி தொனிமொழியாக இருந்ததால் அந்தக் குழந்தைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தது. தமிழ் மட்டும் பேசும் வீடாக இருந்தால் ஒரு வயதிலேயே தெரிந்திருக்கும்.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அன்று மாலை ஐந்து மணிக்குத் தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

அடுத்த பதினொரு நாட்கள் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மருமகள் துணி உலர்த்தப் போகும் நேரங்களில் குழந்தையைச் சோதித்தேன். அதன் பின்னால் நின்று வெண்கலத் தட்டைத் தட்டினால் திரும்பும். சாவிக்கொத்தைக் குலுக்கினால் திரும்பாது. காகிதத்தைக் கசக்கினால் திரும்பாது. தறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு அறைக் கதவைச் சாத்திவிட்டுக் குலுக்கினேன். காதுக்கு நெருக்கமாகக் குலுக்கினேன். ஒரு நாள், நான் நிற்கும் இடம் எதிரிலிருந்த அலமாரிக் கண்ணாடியில் குழந்தைக்குத் தெரியும் என்பதை அறிந்தே குலுக்கினேன். அது திரும்பிச் சிரித்தது. 'சாவி: திரும்பினாள்' என்று எழுதினேன். முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் வகுப்பைவிட்டு அனுப்பியிருப்பேன். அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை.

மாசி இருபத்து நான்காம் நாள் கிணற்றடியில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் வாக்கியங்களை முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தேன். அவற்றை வரிசை மாறாமல் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுங்க, மாமா."

கிணற்றுத் திண்டில் உட்கார்ந்தேன்.

"அத்தை உசுரோட இருக்கறப்பவே எனக்குச் சந்தேகமுங்க. வார்த்தை போகல, பாட்டுத்தான் போகுதுன்னு. அதான் எல்லாத்தையும் பாட்டாவே சொன்னேன். யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியலீங்க. மலைக்காரிக்குப் பொறந்தது அப்படித்தான்னு சொல்லிருவாங்களோன்னு இருந்துச்சு. அப்பறம் நீங்க எழுத ஆரம்பிச்சீங்க." அவள் வாளியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "மாமா கண்டுபிடிச்சுட்டாங்க, டாக்டருக்காக எழுதறாங்கன்னு நெனச்சேன். வைத்தியத்துல இதெல்லாம் மொதல்ல எழுதணும் போலன்னு. நிம்மதியாச்சுங்க. அதான் நீங்க எந்தப் பாட்டு கேட்டாலும் பாடுனேன்."

துணியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"எத்தன பக்கம் ஆச்சுங்க?"

"நூற்றுப் பதினாறு."

"டாக்டர் படிச்சாருங்களா?"

"இன்னும் யாரும் படிக்கலம்மா."

அவள் குனிந்து அடுத்த துணியை எடுத்தாள். அதை அலசிப் பிழிந்து கொடியில் போட்டு முடித்தாள். பிறகு, "நாளைக்குப் போலாங்களா?" என்றாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான்கு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. சேலத்தில் பரிசோதனை அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் நின்றோம். குழந்தையின் தலையில் பெரிய காதுப்பேசி. கையில் ஒரு பந்து, பக்கத்தில் இன்னும் பல, முன்னால் ஒரு வாளி. ஒலி கேட்டால் பந்தை வாளியில் போட வேண்டும். பரிசோதிக்கும் பெண் நான்கைந்து முறை விளையாடிக் காட்டினாள், குழந்தைக்குப் பிடித்துப்போயிற்று. தாழ்ந்த ஒலிகளில் பந்து டப்டப்பென்று விழுந்தது. வாளி நிறையத் தொடங்கியது. மருமகள் என் பக்கம் திரும்பிப் புன்னகை செய்தாள். பிறகு ஒலியை உயர்த்தினார்கள். அந்தப் பெண்ணின் விரல் விசையை அழுத்துவது எங்களுக்குத் தெரிந்தது. குழந்தை பந்தை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தது. விரல் மறுபடி அழுத்தியது. இன்னும் பலமாக. குழந்தை மிகவும் கவனமாக, ஒழுங்காக, கையைத் தாழ்த்தாமல், விளையாட்டு எப்போது தொடரும் என்று அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் ஒரு குழந்தை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை.

மருத்துவர் இளம் பெண். வரைபடத்தை எங்கள் முன் வைத்தார். இடப்பக்கம் மேலே தொடங்கிய கோடு, வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்கியது. அந்த வடிவம் எனக்கு அறிமுகமானது. கரும்பலகையில் நூறு முறை வரைந்திருக்கிறேன்.

"கருவி போட்டா நல்ல பலன் இருக்கும். சீக்கிரம் வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும், இப்பவும் நேரம் இருக்கு" என்றார். பிறகு கோட்டின் இடப்பக்க முனையில் பேனாவை வைத்தார். "இந்தக் கீழ் ஒலிகள்தான் இப்ப இவளுக்குச் சொத்து. இது இப்படியே நிக்கலாம். சில பேருக்கு மெல்ல மெல்ல இறங்கும். மூணு மாசம் கழிச்சுப் பார்த்தாத்தான் எந்தப் பக்கம்னு சொல்ல முடியும்."

மருமகளுக்குத் தமிழில் புரியாதது எதுவும் இல்லை. ஆயினும் வெளியே வந்ததும், "கீழ இருக்கறதும் போயிட்டா எம் பாட்டும் கேக்காதுங்களா, மாமா?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஆகாதும்மா" என்றேன். எனக்கு அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

கருவி வந்தபின் நடந்தவை பலருக்கும் தெரிந்தவையே. முதல் வாரம் பிடுங்கி எறிந்தாள். இரண்டாம் வாரம் பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு அழுதாள். வைகாசியில் ஒரு நாள் 'தாத்தா' என்றாள், தகரத்தோடு. தங்கை அன்று தறிக்காரர்கள் எல்லோருக்கும் காராச்சேவு வாங்கிக் கொடுத்தாள். "ராகம் போயி வார்த்த வந்துருச்சுங்கண்ணா" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். நானும் இரண்டு கைப்பிடி சாப்பிட்டேன்.

ஆனால் எனக்கு இப்போது வேறொன்று பழக்கமாகிவிட்டது. காலையில் கருவிகளைப் பொருத்துவதற்கு முன், குழந்தை தனக்குத்தானே பாடிக்கொண்டிருக்கும் சில நிமிடங்கள் இருக்கின்றன. அப்போது அது தன் காதை மட்டுமே நம்பிப் பாடுகிறது. நான் கதவோரம் நின்று அதன் தொனிகளைக் கேட்கிறேன். உயர்வது உயர்கிறதா, இறங்குவது இறங்குகிறதா. ஒவ்வொரு நாளும் அவை சரியாக இருப்பதை உறுதி செய்யும்வரை என்னால் அங்கிருந்து நகர முடிவதில்லை. சரியாக இருந்துவிட்டால் அடுத்த நாள் காலை வரை தவணை.

ஆனி கடைசி வாரத்தில் ஒரு நாள் செருப்புப் பாட்டைப் பாடிற்று. அதில் ஓரிடத்தில் தொனி செங்குத்தாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. ஒரே உயரத்தில் தட்டையாகப் போயிற்று. மறுபடி பாடிற்று. மறுபடியும் தட்டையாக. மருமகள் சமையற்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் நின்றது.

நான் உள்ளே போனேன். அவள் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சளி புடிச்சிருக்குதுங்க" என்றாள்.

"ஆமாம்மா. ரெண்டு நாளா காத்து அப்படி."

குழந்தைக்குச் சளி இல்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் திரும்பவும் துருவத் தொடங்கினாள். அதன்பின் சில நாட்கள் அந்த இடம் சரியாக இறங்கிற்று; சில நாட்கள் இறங்கவில்லை. நான்கு வயதை நெருங்கும் எந்தக் குழந்தையும் ஒரு பாட்டைத் தினமும் ஒரே மாதிரி பாடாது. அதுவும் எங்கள் துறையில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்தது. இந்த விளக்கம் எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது என்பதே என்னைக் கலங்கச் செய்கிறது.

ஆடி பிறந்ததும் மருமகள் ஒரு முறை, "சேலத்துக்கு எப்பங்க போறோம்?" என்று கேட்டாள். "பாக்கலாம்மா" என்றேன். நேற்று முன்தினம் மறுபடி கேட்டாள். அதே பதிலைச் சொன்னேன். இந்த முறை அவள் என் மேசையில் குறிப்பேடு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். திறந்துதான் இருந்தது.

செய்யாமல் இருப்பவை:

மகனிடம் வரைபடத்தின் இடப்பக்கத்தைப் பற்றிச் சொல்வது. அவனுக்குக் கருவி பற்றி மட்டுமே தெரியும்.

சாவிக்கொத்து வரியை அடித்துவிட்டு, அது பொய் என்று பக்கத்தில் எழுதுவது.

குறிப்பேட்டை மருத்துவரிடம் கொடுப்பது.

மருமகளிடம், அவள் இந்த முறை காத்திருக்க வேண்டாம், என்னைக் கேட்காமலே கிளம்பலாம் என்று சொல்வது.

சேலத்துக்குத் தொலைபேசி செய்து நாள் கேட்பது. காலை பத்து மணிக்கு மேல் எடுப்பார்கள். இப்போது பத்தேமுக்கால்.